கும்பத்துக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி

1

இந்த நாட்டில் யாராவது ஒன்றைச் சும்மா தந்தால் நான் முதலில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். கோப்பையானாலும் சரி, கதிரையானாலும் சரி. எங்கே வெடித்திருக்கிறது, ஏன் தருகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். என் மனைவி ராணி இதை ஒரு வியாதி என்பாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றவர்கள் வாசித்து அறிந்ததை நான் திருப்பிப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது.

இந்த வருடம் நவராத்திரி முடிகிற வாரம் ஒஸ்லோ ஓரத்தில் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி வந்தது. மகள் துளசி கொண்டு வந்தாள். அதையும் யாரோ சும்மாதான் தந்திருந்தார்கள்.

துளசி இங்கே பிறந்த பிள்ளை. வடக்கே எல்வெரும் என்ற ஊரைத் தாண்டி மேலே போகிற ஒரு பள்ளத்தாக்கில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். எய்ரிக் என்ற நோர்வேக்காரனோடு அங்கேயே இருக்கிறாள். கலியாணம் எப்போது என்று கேட்டால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எய்ரிக்கின் தகப்பன் பெயர் ஹல்வார். மரம் அரியும் ஆலையில் வேலை செய்து ஓய்ந்தவர். கண் மங்கிக்கொண்டு வருகிறது, இனிக் காட்டுக்குப் போக முடியாது என்று சொல்லித் தன் துப்பாக்கியைத் துளசிக்குக் கொடுத்துவிட்டார்.

ஏன் சொந்த மகனுக்குக் கொடுக்கவில்லை என்பது என் முதல் கேள்வி. எய்ரிக் இறைச்சி சாப்பிடுவதில்லை, இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றி இருந்துவிடுவான் என்றாள் துளசி. சரி, ஊரில் வேறு சொந்தக்காரர் இல்லையா என்றேன். இருக்கினம் என்றாள். அதோடு பேச்சை மாற்றினாள்.

ஹோல் கம்பளத்தில் ஒரு நீளப் பையை வைத்து அவள் திறந்தாள். கைப்பிடியோடு இருந்த ஓர் இரும்புத் துண்டைக் கழற்றித் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அது இல்லாவிட்டால் இது வெறும் தடி என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பிறகு எஞ்சியதை வெளியே எடுத்தாள்.

வேட்டைத் துப்பாக்கி என்றால் கறுப்பும் மண்ணிறமுமாக ஒரு சாமான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது கலியாணத்துக்கு வெளிக்கிட்டது போல இருந்தது. இரும்பு முழுக்கப் பேர்ச் மரத்து இலைகள் செதுக்கியிருந்தன. ஒரு பக்கம் பொன்னால் பதித்த எல்க், அதுதான் இந்த ஊர்ப் பெரிய மான். மற்றப் பக்கம் வாலை விசிறியாக விரித்த ஒரு காட்டுப் பறவை, அதுவும் பொன். தோளில் அணைக்கிற மரப்பகுதியில் கொடியும் பாம்புத் தலையும் பின்னிப் பின்னிப் போயிருந்தன. இந்த நாட்டுப் பழைய மரக் கோயில்களின் வாசலில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

ராணி குனிந்து பார்த்தாள். அவளுடைய கண் நேரே அந்தப் பொன் எல்க்கின் கொம்புக்குப் போனது.

"நல்ல வேலைப்பாடு," என்றாள், நகைக்கடையில் நிற்கிறவள் போல.

நான் திருப்பிப் பார்த்தேன். அடிக்கட்டையில் கொடி பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. ஒரு பாம்புக்குக் கண் இருந்தது, வாய் இல்லை. ஏன் வெட்டியிருக்கிறது என்று கேட்டேன். ஹல்வார் உயரம், நான் கட்டை, அதனால் ஒஸ்லோவில் ஒரு துப்பாக்கிக் கம்மாலையில் கொடுத்து மரத்தின் நீளத்தைக் குறைத்தது, அதை எடுக்கத்தான் இறங்கி வந்தனான் என்றாள். பள்ளிக்கூட இலையுதிர்கால விடுமுறை, அடுத்த நாள் ஹல்வாரும் கண் வைத்தியத்துக்கு ஒஸ்லோ வருகிறார், இரண்டு பேருமாக மேலே போய் வேட்டைக் குழுவோடு சேர்வது என்பது திட்டம்.

அவள் சொன்னதை நான் கேட்டேன். நம்பினேன் என்று சொல்லமாட்டேன்.

2

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே துப்பாக்கி வைத்திருப்பது களவான காரியம் அல்ல. பரீட்சை எழுதி, சுட்டுக் காட்டி, பொலிஸ் அனுமதி எடுத்து, இரும்பு அலுமாரியில் பூட்டி வைக்கலாம். செப்டெம்பர் கடைசியில் எல்க் வேட்டை தொடங்கினால் பள்ளத்தாக்குகளில் பாதி வேலைத்தலங்கள் வெறிச்சோடிப் போகும். ஊரில் கோயில் கொடியேறினால் எப்படியோ அப்படி.

துளசி அனுமதிக்கு எழுதியபோது பல மாதம் பதில் வரவில்லை. அந்த மாதங்களில் நான் நித்திரை கொண்டது குறைவு. அவளுடைய பெயரைக் கணினியில் தட்டினால் தகப்பனுடைய பெயர் வரும், தகப்பனைத் தட்டினால் நான் அகதியாக வந்த காலத்துக் கடுதாசி எல்லாம் கிளம்பும் என்று எனக்குள் ஓர் எண்ணம். அந்தக் கடுதாசியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் உறங்குகிற ஒன்றை ஏன் எழுப்ப வேண்டும்? அனுமதி வந்தபோது மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் ஏன் தந்தார்கள் என்று நான் யோசித்தேன்.

ஆனால் என் உண்மையான பயம் பொலிஸ் அல்ல. அது அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது துளசியின் வாயிலிருந்து வந்தது.

இந்தத் துப்பாக்கியை அந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குப் பிடிக்காதாம். ஹல்வார் இளந்தாரியாக இருந்தபோது சொல்லிச் செய்வித்தது. முதல் நாள் காட்டுக்குக் கொண்டு போனபோதே சண்டை தொடங்கிவிட்டது. துப்பாக்கி என்பது கோடாலி மாதிரி, மழையில் நனைய வேண்டும், கல்லில் அடிபட வேண்டும், இதென்ன பவுசு என்று ஒரு பகுதி. சாகப்போகிற மிருகத்துக்குச் செய்கிற மரியாதை, கண்டதையும் கொண்டு போய் அதன் உயிரை எடுக்கலாமா என்று மறுபகுதி. பொன் மினுங்கி எல்க் ஓடிவிடும் என்றும் சிலர் சொன்னார்களாம். எல்க்குக்குக் கண் அவ்வளவு தெரியாது, மூக்குத்தான் கூர்மை, பொன்னுக்கு மணமில்லை என்று ஹல்வார் பதில் சொன்னாராம். முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பிணக்கு. அவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'அல்தார்'. தேவாலயத்தில் சாமியார் நின்று பூசை வைக்கிற பீடம்.

வேட்டைக் குழுவுக்கு இப்போது தலைவர் தோர்ஸ்தைன் என்பவர். கோடாலிக் கட்சி. துளசி வருவது சந்தோஷம், ஆனால் சாதாரணத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டு வந்தால் நல்லது, வேண்டுமென்றால் தானே இரவல் தருகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முப்பது வருடம் தான் தனியே சுமந்த சண்டையைக் கிழவன் என் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டார். சொந்தக்காரர்களில் ஒருவரும் அதைக் கையால் தொடமாட்டார்கள். அந்தக் காட்டில் கறுத்த பிள்ளை அவள் ஒருத்திதான். சும்மா போனாலே எல்லாரும் பார்ப்பார்கள். இனிப் பொன் துப்பாக்கியோடு வேறு போக வேண்டுமாம். எல்லார் கையிலும் குண்டு போட்ட துப்பாக்கி. தவறுதலாகப் பட்டது என்று ஒரு வசனம் சொன்னால் போதாதா?

திராமன் நகரில் இருக்கும் யோகனுக்குப் போன் எடுத்தேன். வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டின காலத்திலிருந்து என்னோடு இருக்கிற கூட்டாளி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மச்சான், பொன் அசலோ எண்டு முதல் பார்," என்றான். அவனிடம் கேட்டது என் பிழை.

3

ஊரில் நான் பார்த்த துப்பாக்கிகளை எண்ணிப் பார்க்கிறேன். ஆமிக்காரன் சைக்கிளை மறித்தபோது என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. எங்கள் ஒழுங்கையில் இயக்கத்துக்குப் போன பெடியள் சாரத்துக்குள் மறைத்துக் கொண்டு திரிந்தது. பிறகு இந்தியன் ஆமி கொண்டு வந்தது. ஒன்றிலும் ஒரு பூ இல்லை. மனிதரைச் சுடுகிறதுக்குச் செய்ததில் யாரும் இலை செதுக்கி நேரத்தை வீணாக்கவில்லை.

அப்படியென்றால் பூப் போட்டது நல்லது என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆனால் மனம் மற்றப் பக்கம் இழுத்தது. வெறும் இரும்பைத் தூக்கினவர்களுக்கு அது ஒரு வேலை, அல்லது விதி. இதைச் செய்வித்தவர் கொல்லுகிறதை விரும்பிச் செய்கிறவர் அல்லவா? பொன் பதிக்கிற அளவுக்கு விருப்பம். அப்படி ஒரு மனிதரின் வீட்டில்தான் என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடுகிறாள்.

தோர்ஸ்தைனை நான் கண்டதில்லை. ஆனால் அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அந்த நினைப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளையைப் பிடிக்காதவரோடு நான் எப்படி ஒரு கட்சியில் நிற்பது?

பின்னேரச் சாப்பாட்டுக்கு முன் துளசியிடம் சொன்னேன். தோர்ஸ்தைன் தருகிற இரவல் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போ, இதை அலுமாரியில் வை.

"அப்பா, நான் இதை வைச்சிட்டுப் போனா, ஹல்வார் தோத்துப்போனார் எண்டு நினைப்பினம்."

"அப்ப நீ அவருக்காகத்தான் போறாய். அதைத்தானே நானும் சொல்லுறன்."

"உங்களுக்கு எல்லாரிலையும் சந்தேகம். எய்ரிக் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாலும் ஏன் போட்டவன் எண்டு கேப்பீங்கள்."

கேட்டதுண்டு. போகாதே என்ற சொல் நாக்கு நுனி மட்டும் வந்தது. அதைச் சொன்னால் அவள் போவாள். திரும்பி இந்த வீட்டுக்கு வருவது குறையும். மற்ற வீடுகளில் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் தடித்து வந்துவிட்டால் பிறகு பிள்ளைகள் நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு மட்டும்தான் வருவார்கள்.

4

அடுத்த நாள் சரஸ்வதி பூசை. ராணி கும்பத்துக்குப் பக்கத்தில் தன் தையல் மெஷினையும், கத்தரிக்கோலையும், துளசி சின்னனில் வாசித்த நோர்வே அரிச்சுவடியையும் வைப்பது வழக்கம். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். என்னுடைய ஆயுதம் என்று வைக்க அந்தக் கதவு திறக்கிற அட்டை ஒன்றுதான் உண்டு. அதையும் வாங்கி வைப்பாள்.

காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது துப்பாக்கியும் அங்கே படுத்திருந்தது. செவ்வந்திப் பூவோடு. துளசி பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். ஆளில்லாமல் விடக்கூடாது என்பது சட்டமாம்.

இதென்ன வேலை என்று ராணியைக் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, அவையே இதைப் பீடம் எண்டுதானே சொல்லினம். பிறகு எங்கை வைக்கிறது?"

பூசை முடிந்தது. கற்பூரம் அணைந்தது. ராணி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். மெஷினுக்கு ஒன்று, என் அட்டைக்கு ஒன்று. துப்பாக்கியில் பொன் எல்க்கின் நெற்றியில் ஒன்று வைத்தாள். அதோடு நின்றிருக்கலாம். தோளில் அணைக்கிற மரத்திலும் தாராளமாக ஒன்று வைத்தாள்.

அந்த மரம் எண்ணெய் ஊட்டின மரம். குங்குமத்தை அப்படியே குடித்துவிட்டது. துளசி துணியால் துடைக்கத் துடைக்கச் சிவப்பு செதுக்கலுக்குள் ஓடி, கொடியெல்லாம் பரவி, பாம்பின் கண்ணுக்குள்ளும் போய் நின்றது. பிள்ளையின் முகம் வெளிறியது. சைக்கிளுக்கும் காருக்கும் பொட்டு வைத்துப் பழகின ராணியின் கை, இந்த மரத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

மத்தியானத்துக்குப் பிறகு மணி அடித்தது. ஹல்வார் வந்து நின்றார். நிலையில் தலை இடிக்கிற உயரம். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தபடியால் கண்மணி பெருத்துக் கறுப்பாகக் கிடந்தது. சப்பாத்தைக் கழற்றினார், எல்லாருக்கும் கை கொடுத்தார், துப்பாக்கியைக் கேட்டார்.

துளசி நடந்ததைச் சொன்னாள். எங்கள் ஆட்கள் சோறு போடுகிற சாமான்களை வருடத்தில் ஒரு நாள் கும்பிடுவார்கள், அம்மா அதற்கும் பொட்டு வைத்துவிட்டா, கறை போகவில்லை. ஹல்வார் முழந்தாளிட்டு விரலால் தடவினார். கண் தெரியாதபடியால் மூக்கை மரத்துக்குக் கிட்டக் கொண்டு போய் முகர்ந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறுகிற இடத்தைப் பிடித்துவிட்டால் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும்.

"இருக்கட்டும்," என்றார். "தோர்ஸ்தைன் பார்க்கட்டும்." பிறகு சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு இன்னொரு சாமான் கிடைத்த சிரிப்பு.

அவர் தூக்கப் போனபோது ராணி தடுத்தாள். பூசையில் வைத்ததை இன்றைக்கு எடுத்து வேலை செய்யக்கூடாது, நாளைக்கு விஜயதசமி, காலையில் எடுத்துத் தருவேன் என்றாள். துளசி அதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். இனிக் கோபம் வரும் என்று இருந்தேன். ஹல்வார் யோசித்தார். தன் தகப்பனும் ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கியைத் தொடவிடமாட்டார் என்றார். அப்படியென்றால் இருக்கட்டும் என்று சொல்லிச் சோபாவில் இருந்துவிட்டார்.

அன்று எங்கள் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. எல்க் இறைச்சி தின்று வளர்ந்த மனிதர் அவலும் கடலையும் சாப்பிட்டார். நான் பாட்ஸ்பியோர்டில் பழகின வடக்கத்து நோர்வேஜிய மொழியில் பேசினேன். ஒஸ்லோவில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. எந்தத் தொழிற்சாலை, என்ன மீன் என்று கேட்டார். ஏன் இவ்வளவு விசாரிக்கிறார் என்று எனக்குள் ஓடியது. துளசி துப்பாக்கிக்குக் காவலாக ஹோலில் பாய் விரித்தாள். கிழவருக்கு அவளுடைய பழைய அறை.

படுக்கப் போகும்போது ராணியிடம் சொல்லிவிட்டேன், நானும் அவர்களோடு மேலே போகிறேன் என்று. நம்பிப் போனதல்ல. பார்க்கப் போனது.

5

விஜயதசமி விடியவே வெளிக்கிட்டுப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தோம். காட்டுப் பாதை ஓரத்தில் ஒரு நெருப்பு, அதைச் சுற்றி மரக்குற்றிகள், கரிப்பிடித்த கேத்தல். செம்மஞ்சள் தொப்பிக்காரர்கள் நின்றார்கள். தோர்ஸ்தைன் கட்டையான மனிதர், நான் நினைத்ததுபோல முரடர் அல்ல. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

அவர் துளசியின் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினார். சிவப்பைப் பார்த்தார். விரல் வைத்தார்.

"இரத்தமா?"

அம்மா வைத்த பூசைப் பொட்டு என்று துளசி சொன்னாள்.

"முதலில் பொன். இப்போது பெயின்டும்," என்றார் தோர்ஸ்தைன். எல்லாரும் சிரித்தார்கள். ஹல்வாரும் சிரித்தார், துளசியும் சிரித்தாள். அது நல்ல சிரிப்போ கெட்ட சிரிப்போ என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளுக்கு அவர் கொடுத்த இடம் சதுப்பு நிலத்தின் கரையில், தன் இடத்துக்கு அடுத்தது. கண்காணிக்கவோ, பார்த்துக்கொள்ளவோ?

அவர்கள் மரங்களுக்குள் போனார்கள். நெருப்படியில் நானும் ஹல்வாரும் மிஞ்சினோம். அவர் எனக்குக் கோப்பி ஊற்றினார். கை பழக்கத்தில் ஊற்றியது, கொஞ்சம் வெளியே போனது. ஒரு கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. பைக்குள் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பையையே பார்த்தேன்.

நாய் குரைத்தது. நின்றது. பிறகு ஒரு வெடி.

எத்தனை வருடம் ஆனாலும் உடம்பு மறக்காது. நான் குனிந்துவிட்டேன், கோப்பி நெருப்பில் கொட்டியது. நிமிர்ந்தபோது என் கை ஹல்வாரின் கையைப் பிடித்திருந்தது. அவர் காதை ஒரு பக்கம் சரித்து, வாயைத் திறந்தபடி நின்றார்.

"அந்தச் சத்தம் என்னுடையது இல்லை," என்றார்.

அவருடைய கள்ளத்தைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கொடுத்துவிட்டதாகச் சொன்னவர், இன்னும் என்னுடையது என்கிறார். அவர் மூச்சை விட்டார்.

"அவளுடையது இல்லை. கிழக்குப் பக்கம். அவளுடைய இடம் மற்றப் பக்கம். அவளுக்கு ஒன்றும் இல்லை."

அவருடைய இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கியில் யாரோ கரகரத்தார்கள். இளம் எல்க் ஒன்று விழுந்தது, எல்லாரும் சுகம், இடத்திலேயே நில்லுங்கள். ஹல்வார் மரக்குற்றியில் இருந்தார். பைக்குள் உருட்டியதை வெளியே எடுத்து முழங்காலில் வைத்தார். கைரேகை போல வரி ஓடின ஒரு மரத் துண்டு. பாதிக் கொடி, ஒரு பாம்பு வாய். கண் இல்லை.

வெட்டினதை இனி யாரும் ஒட்ட முடியாது. நீளக் கைக்காரர் எவருக்கும் அந்தத் துப்பாக்கி இனிச் சரிவராது, அவருக்கும்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடம் அதற்காக ஊரோடு சண்டை பிடித்தவர்.

ஏன் வெட்ட விட்டீர்கள் என்று என் மீன் தொழிற்சாலை மொழியில் கேட்டேன். நான் முட்டாள்தனமாக ஏதோ கேட்டது போல என் பக்கம் திரும்பினார்.

"நீளமாக இருந்தால் அவள் தோளில் அடிக்கும்," என்றார்.

6

துளசி அன்று ஒன்றையும் சுடவில்லை. தாயும் கன்றுமாக இரண்டு அவளுக்கு முன்னால் வந்து நின்று போயின என்றாள். சுடாமல் விட்டதற்காகத் தோர்ஸ்தைன் தலையை ஆட்டினாராம். ஆமோதித்த ஆட்டமோ என்று கேட்டேன். "ஓம் அப்பா, ஆமோதிச்சதுதான்," என்றாள், களைத்த குரலில். அவள் தோளைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. சுடாத தோளில் என்ன இருக்கப் போகிறது?

அடுத்த வருடமும் போவாள். நானும் அந்த வாரம் சலவைக்கூடத்தில் லீவு கேட்டு வைத்திருக்கிறேன். இறைச்சியில் எங்களுக்கும் ஒரு பங்கு வந்தது, உறைபெட்டியில் கிடக்கிறது. ஏன் இவ்வளவு தந்தார்கள் என்று ராணியிடம் கேட்டேன். அவள் உறைபெட்டிக் கதவைச் சாத்தினாள். குங்குமம் இன்னும் மரத்தில் இருக்கிறதாம், நிறம் கொஞ்சம் மங்கி.

அந்த மரத் துண்டை ஹல்வார் திரும்பவும் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. தந்திருந்தால், ஏன் தருகிறார் என்று திருப்பிப் பார்த்திருப்பேன்.